நாலு பேண்ட் நீளத்துக்கு ஓர் இசைத்தட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் தையல் மிஷின் பக்கத்தில் பேண்டுகளை நாலு நாலாகத்தான் அடுக்குவாள். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்போது நாலாவது பேண்டின் காலும் மடித்துத் தைத்து முடிந்திருக்கும். எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த நாலை எடுப்பாள். பதினாறு வருஷமாக இதில் மாற்றமில்லை.

தட்டு அவளுக்காக ஓடவில்லை. லிப்ட் மெக்கானிக்கான கணவரும், தபால்காரனான அவள் தம்பியும் அந்த அறையில் உட்கார்ந்துதான் ப்ளூஸ் என்கிற அமெரிக்க இசையின் கிடார்க்காரர்களில் யார் பெரியவர் என்று சண்டை போடுவார்கள். கணவருக்கு ஃப்ரெட்டி கிங். கம்பியில் கை வைத்தால் தீப்பொறி பறக்க வேண்டும் அவருக்கு. தம்பிக்கு பி.பி. கிங். ஒரே சுரத்தைப் பிடித்து, அது நடுங்கி அடங்கும்வரை காத்திருக்கும் நிதானம் வேறு யாருக்கு உண்டு என்பான். அவனுக்கென்று குடும்பம் இல்லை, வீட்டில் பிளேயரும் இல்லை. தட்டுகளை இங்கேயே துணி வெட்டும் மேஜைக்கடியில் பையோடு வைத்திருந்தான். அவள் பிறந்த வீட்டில் மிச்சம் அவன் ஒருவன்தான். ஊரின் அந்தக் கோடியிலிருந்து அவனை வாராவாரம் இழுத்து வந்தது இந்தச் சண்டை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவள் ஒருநாளும் சமாதானம் செய்து வைத்ததில்லை.

இரண்டு மாதமாகத் தம்பியின் கை தாழ்ந்துகொண்டே வந்தது. எந்தத் தட்டைப் போட்டாலும் அவன் சொன்ன நிதானம் அதில் இல்லை. கணவர் விடுவாரா?

"என்ன மச்சான், உன் ஆளு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல வாசிக்கிறாரு? இதுக்குப் பேருதான் நிதானமா? உன் காதைக் கொண்டுபோய் யார்கிட்டயாவது காட்டு."

தம்பி எழுந்தான். மேஜைக்கடியிலிருந்து பையை எடுத்தான். "வரேன்க்கா" என்றான். பதினாறு வருஷத்தில் தட்டுகள் அந்த வீட்டைவிட்டுப் போனது அன்றுதான். அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு கணவர் தனியாகத் தன் தட்டைப் போட்டுக் கேட்டார். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் அவருக்கும் அது ருசிக்கவில்லை. பக்கம் முடிந்தபோது அவள் ஊசிக்கடியில் நாலாவது பேண்டின் முதல் கால்தான் இருந்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். வயசாகிறது, கால் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று என்னவோ சந்தேகம் தட்டியது. உறையில் பாட்டுக்குப் பாட்டு நிமிஷம் போட்டிருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் கூட்டல் வரும். இருபத்திரண்டு. மறுபடி அதே பக்கத்தைப் போட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தொன்பதில் முடிந்தது.

பிளேயரில் தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் அறுந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அதற்குப் பதிலாகப் பாவாடை இடுப்புக்கு வைக்கும் எலாஸ்டிக்கை இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். அறையில் யாருமில்லாமல் இருந்தால் அதை மெல்லக் கழற்றி மாற்றியிருப்பாள். கணவர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.

"நான் தச்ச பெல்ட்டு தடிமனா இருக்குங்க. தட்டு வேகமா சுத்துது."

அவர் சிரித்தார். பிறகு கைக்கடிகாரத்தை வைத்து அவரே பார்த்தார். பத்து மாடி லிப்ட் அரை விரல்கடை தள்ளி நின்றாலும் கண்டுபிடிக்கிற மனிதர், தன் வீட்டில் தட்டு வேகமாகச் சுற்றியதைக் கவனிக்கவில்லை. அவருடைய ஆளின் தீப்பொறியிலும் பாதி எலாஸ்டிக்கினால் வந்ததோ என்னவோ. தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு என்றார்.

"நான் தச்சதுக்கு உங்ககிட்ட நான் சொல்லிட்டேன். நீங்க பேசினதுக்கு அவன்கிட்ட நீங்க சொல்லுங்க."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அவருக்குச் சொன்ன மிகக் காரமான வார்த்தை அது. அவர் போனை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு தம்பி பையோடும், கடையில் வாங்கிய மெல்லிய ரப்பர் பெல்ட்டோடும் வந்தான். பெல்ட்டை மாட்டியதும் முதலில் அவன் தட்டுத்தான் ஓடியது. ஒரு சுரம் நின்றது, நடுங்கியது, அடங்கியது. நிதானம்தான் என்று கணவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட வாயாலேயே, நிதானம் இருந்தால் மட்டும் முதலிடமா என்று ஆரம்பித்தார்.

"அக்கா, இத்தனை வருஷம் நீயும் கேட்டிருக்கே. நீயே சொல்லு."

அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்றாள். மற்ற விரல்கள் என்ன செய்தாலும் அவர் கட்டைவிரல் மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டே போகும் என்றாள்.

"அவரா? அவரு குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரில்ல வாசிப்பாரு" என்றான் தம்பி. சரியாகச் சொன்னாய் மச்சான் என்றார் கணவர். பதினாறு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இப்போது தம்பி ஞாயிறு தவறாமல் வருகிறான். பை மேஜைக்கடியில் இருக்கிறது. முதலிடம் இன்னும் முடிவாகவில்லை. ஹர்ட்டுக்குத் தம்பி எட்டாவது இடம் கொடுத்திருக்கிறான், கணவர் ஒன்பதாவது. ஒரு பக்கத்துக்கு நாலு பேண்ட் முடிகிறது.