கூட்டத்தைப் பார்த்து நின்றவர்

கால்பந்து மைதானத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'புறமுதுகு'. போர்க்களத்தில் ஓட்டம் எடுத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். கேலரிக் காவலர், அவ்வளவுதான். ஆட்டம் நடக்கும்போது புல்தரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தையே பார்த்து நிற்பதுதான் அந்த வேலை. யாராவது வேலி தாண்டுகிறார்களா, யாருக்காவது மயக்கமா என்று கண் அங்கேயே இருக்க வேண்டும். திரும்பினால் சூப்பர்வைசர் வறுத்தெடுத்துவிடுவார். ஊரே அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்டத்தை, அத்தனை பக்கத்தில் நின்றும் அவர் பார்த்ததே இல்லை. இதைவிட அநியாயமான உத்தியோகம் உண்டா?

அதற்கும் அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். தையல்கடைக்காரி அவள். ஆட்டநாளில் கடையைப் பூட்டிவிட்டு, அவருக்கு நேர் எதிரே முன்வரிசை ஓர இருக்கையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் முகம்தான் அவருக்கு ஆட்டம். எதிரணி முன்னேறினால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். நம் அணி கோல் போட்டால், பக்கத்தில் இருப்பவர் கையில் டீ இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் குதிப்பாள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியையும் டம்ளர்களையும் நகர்த்தி, கோல் எப்படி விழுந்தது என்று அவருக்குக் காட்டுவாள். கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்வாள். அவரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்.

அடுப்படிச் சுவரில் வெளிநாட்டு மைதானங்களின் படங்களை ஒட்டிவைத்திருந்தாள். ஓரிடத்தில் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் சட்டைக்காரர்கள் நின்றுகொண்டே பாடுவார்களாம். இன்னோரிடத்தில் கூட்டம் குதிக்கிற குதியில் கட்டடமே அதிருமாம். அவர் ஓய்வு பெற்றதும் ஏதாவது ஒன்றுக்குப் போய், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோலையாவது இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஓய்வுக்கு முன்னால் அவளுக்கு நோய் வந்துவிட்டது. டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

வெளிநாடு இனி நடக்காது, நம் மைதானத்திலாவது பார்த்துவிடலாம் என்று, முதல் முறையாக ஆட்டநாளில் லீவு கேட்டார். சூப்பர்வைசர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். சீருடை இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவருக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அவள் பாதியாக இளைத்திருந்தாள். ஆனாலும் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம், நம் ஆள் ஒருவன் பந்தோடு ஓடினான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைதி விழுந்தால் கேலரியைக் கவனிக்க வேண்டும் என்று அவர் உடம்புக்குப் பழக்கம். தன்னையறியாமல் எழுந்து பின்பக்கம் திரும்பிவிட்டார். வரிசை வரிசையாக ஜனங்கள் எழுந்து கத்துவதைத்தான் பார்த்தார். கோல் அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. திரும்பிட்டேன்."

அவளுக்கு இருமல் வரும்வரை சிரிப்பு. "உங்கள உக்கார வச்சாலும் இதே கதைதானா? சரி விடுங்க, வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அசதியில் படுத்துவிட்டாள். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவருக்குக் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் அந்த மேஜைப் பக்கம் போகவே முடியாமல், அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று, கூட நிற்கிற காவலர் தன் போனை நீட்டினார். அந்தக் கோல் அதில் இருக்கிறது, ஒரு நிமிஷம் பாருங்கள் என்று பாசமாகத்தான் சொன்னார்.

இவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார். "வேணாம்ப்பா. அவ சொல்றேன்னு சொல்லியிருக்கா."

பிறகு தன் இடத்துக்குப் போய், புல்தரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எதிரே ஓர இருக்கையில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்தார்.