இரண்டாவது படம் வரவில்லை

சிக்கந்தர் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்த மாலையில், அவர் சற்று முன்பு அனுப்பிய வெள்ளிக் கோளின் படம் என் கணினியில் திறந்தே இருந்தது. அவர் எப்போதும் இரண்டு படங்கள் அனுப்புவார். முதலாவது வந்த பத்து நிமிடத்தில் இரண்டாவதும் வந்துவிடும். அன்று அரை மணி நேரமாகியும் வரவில்லை. கேட்கலாமென்று போனை எடுத்தேன். அதற்குள் அவர் மனைவி நூர்ஜஹான் மதினியே கூப்பிட்டுவிட்டார்.

"கலா, உங்க அண்ணன் மவுத்தாப் போயிட்டாக. அஸர் தொழுதுட்டு நல்லாத்தேன் தோட்டத்துக்குப் போனாக. அங்கனயே, அந்தக் குழாய்க்குப் பக்கத்துலயே சாஞ்சிட்டாக."

தொலைநோக்கியை மதினி என்றைக்கும் குழாய் என்றுதான் சொல்வார்.

கம்பத்தில் அவரைத் திராட்சை மொத்த வியாபாரியாகத்தான் பலருக்கும் தெரியும். காமயகவுண்டன்பட்டியில் அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அங்கிருந்த மோட்டார் ரூமின் மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். நம் கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கே மலை மறைப்பதால் வெள்ளி சீக்கிரமே கண்ணிலிருந்து போய்விடும். அதனால் அவர் சூரியன் இருக்கும்போதே, பிற்பகல் அஸர் தொழுகைக்கும் அந்தி மஃரிபுக்கும் நடுவில், பகல் வெளிச்சத்திலேயே வெள்ளியைத் தேடிப் பிடித்துப் படமெடுப்பார். பகலில் வெள்ளியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பல வருடமாக அந்தக் கோளின் மேகங்களைத்தான் ஆராய்கிறேன், நான் இதுவரை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை.

உத்தமபாளையத்தில் நான் பேசிய ஒரு கூட்டத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். நான் தேவதானப்பட்டிக்காரி, பெங்களூரில், விண்கலங்கள் அனுப்பும் படங்களை ஆராயும் ஒரு குழுவில் வேலை. வெள்ளியின் மேகங்களைப் புற ஊதா ஒளியில் பார்த்தால் கறுப்புத் திட்டுகள் தெரியும், அந்தக் கறுப்பு எதனால் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, ஒருவேளை கந்தகமாக இருக்கலாம் என்றேன். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அப்ப நம்ம திராட்சைக்குச் சாம்பல் நோய்க்கு அடிக்கிறோமே, அதுதேனா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து தான் எடுத்த படங்களை உருவினார். அதன் பிறகு நானும் சிரிக்கவில்லை. வெள்ளியைச் சுற்றும் விண்கலம் எல்லா நேரமும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது பார்க்காத நாட்களுக்குத் தரையிலிருந்து எடுக்கும் நல்ல படங்கள் வேண்டும். நல்ல படம் என்றால் எப்படியிருக்க வேண்டுமோ அப்படி இருந்தன அவருடையவை. அன்றே எங்கள் குழுவுக்குப் படம் அனுப்பும் ஆளாகிவிட்டார்.

அவர் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சம்பவம் நடந்தது. தொடர்ந்து மூன்று மாலைகளில் அவர் அனுப்பிய படங்களில் ஒரே இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு நின்றது. வெள்ளியின் மேல்மேகங்கள் நான்கைந்து நாளில் கோளையே சுற்றி வந்துவிடும் வேகத்தில் ஓடுபவை. அவற்றின் நடுவே ஒன்று அசையாமல் நின்றால், அடியிலுள்ள மலை ஏதோ அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று அர்த்தம்.

"நம்ம மலை மேல மேகம் உக்காந்திருக்குமே, அப்படித்தேன் தங்கச்சி" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. மலையில் மேகம் தங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் இருவருக்கும் வேறொன்று தோன்றவில்லை. நான் குழுவிடம் வாதாடி, திட்டமிட்டிருந்த வேறொரு வேலையை நிறுத்திவிட்டு விண்கலத்தை அந்தப் பக்கம் திருப்பச் சம்மதிக்க வைத்தேன். மறுநாள் காலை கட்டளை போக வேண்டும். இதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்து, கம்பத்துப் பழ வியாபாரிகள் அவர் முகத்தைப் போட்டு பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள்.

அன்று மாலை மதினி அவர் சட்டையைப் பார்த்து, "கையெல்லாம் மஞ்சப் பவுடரு. இதோடவா அந்தக் குழாயத் தொட்டீக?" என்று கேட்டிருக்கிறார். அந்த வாரம் தோட்டத்தில் கந்தகத்தூள் அடித்திருந்தார்கள். வெள்ளி மலையில் மறைவதற்குள் அண்ணன் அப்படியே திரும்பித் தோட்டத்துக்கு ஓடியிருக்கிறார். தொலைநோக்கியில் மாட்டியிருந்த கேமராவைக் கால்வட்டம் திருப்பி வைத்து மறுபடி எடுத்தார். திட்டு கோளில் இருந்தால் கோளிலேயே நிற்கும். கேமராவின் கண்ணாடியில் ஒட்டிய தூசி என்றால் கேமராவோடு சேர்ந்து திரும்பும்.

திரும்பிவிட்டது.

"தங்கச்சி, அது வெள்ளியில இல்ல. என் கண்ணாடியில இருக்கு. நம்ம தோட்டத்துக் கந்தகம்."

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்று மறைக்கப் போவதில்லை. இத்தனை பேரிடம் வாதாடிவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? மூன்று படத்தில் ஒன்றாவது சரியாக இருக்கலாமே அண்ணே, விண்கலம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வரட்டுமே, என்று நானே அவரைக் கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "அம்புட்டுத் தொலைவுல இருக்கிறதத் திருப்பப் போறாக. இங்கன கைக்கு எட்டுறத நான் மொதல்லயே திருப்பிப் பாக்கல. தப்பு என்னுது. என் பேரைச் சொல்லியே எழுதிருங்க."

எழுதினேன். கட்டளை நின்றது. மறுநாள் காலை அவரே பிளெக்ஸ் கட்டிய இடத்துக்குப் போயிருக்கிறார். "யாருக்குத் தெரியப்போகுது பாய், ரெண்டு நாளைக்குத் தொங்கட்டும்" என்றார்களாம். "எனக்குத் தெரியும்ல. கழட்டுப்பா" என்றாராம். அன்றிலிருந்து மார்க்கெட்டில் அவருக்குக் கந்தக பாய் என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் அவர் வேகமாகத் திரும்பிப் பார்ப்பார்.

குழுவில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. கேமராவைத் திருப்பி எடுத்த இரண்டாவது படம் இல்லாமல் இனி யாருடைய படத்தையும் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பல நாடுகளிலிருந்து படம் அனுப்புகிறவர்கள் இன்றும் அப்படியே இரண்டிரண்டாக அனுப்புகிறார்கள். எங்களில் யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததாக வந்து நின்றால், "கந்தகம் பார்த்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. தமிழே தெரியாதவர்கள்கூடக் கந்தகம் என்றே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது.

பிறகு வந்த எங்கள் ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் சேர்ந்தது. எந்த நிறுவனம் என்று போடட்டும் என்று கேட்டேன். "மோட்டார் ரூமு, காமயகவுண்டன்பட்டின்னு போடுங்க" என்றார். அச்சில் மோட்டார் ரூமை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதில் அவருக்குக் கடைசிவரை வருத்தம்தான்.

செய்தி வந்த மறுநாள் கம்பம் போய்ச் சேர்ந்தேன். மதினி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு, "அந்தக் கேமராவ யாரும் தொடல கலா. நீயே போயிப் பாரு" என்றார். தோட்டத்துக்குப் போய் மாடி ஏறினேன். கேமராவைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தது. கேமரா பாதி திரும்பியிருந்தது. இரண்டாவது படத்துக்காகத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் அவர் போயிருக்கிறார்.

அன்று வந்த முதல் படத்தை எங்கள் தொகுப்பில் நான் சேர்க்கவில்லை. அதில் மெல்லிதாக ஒரு கறுப்புக் கோடு வளைந்து கிடக்கிறது. அவர் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான். அவரை அறிந்த உங்களில் சிலர் அதைக் கேட்டீர்கள், கடைசிப் படமாயிற்றே, எங்காவது வெளியிடக் கூடாதா என்று. கூடாது. அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அச்செடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அந்தக் கோடு என்ன என்று கேட்கிறார்கள். வெள்ளியில் இருந்ததா, கண்ணாடியில் இருந்ததா, தெரியாது என்கிறேன். முன்பெல்லாம் அந்த வார்த்தை என் வாயில் சுலபமாக வராது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அது.