உம்மா பிடித்த இடப்பக்கம்

வாப்பா மௌத்தான நாளில் காருக்குக் கூரை இருக்கவில்லை.

கார் பழைய மொரிஸ் மைனர். துணிக் கூரை, மடிக்கலாம். தண்ணீரூற்றிலிருந்து முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு என்று கல்யாண வீடுகளுக்கும் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடுகளுக்கும் வாடகைக்குப் போகும். கூரையை மடித்தால் துணியும் இரும்புச் சட்டமும் பின்சீற்றுக்கு மேலே மூட்டை கட்டியதுபோல் நிற்கும். படம் எடுப்பவர்களுக்கு அது ஆகாது. பிள்ளையின் சேலை விரிந்து விழ இடம் வேண்டும் என்பார்கள். அதனால் வாப்பா ஒவ்வொரு விழாவுக்கும் சட்டத்தை முழுதாகக் கழற்றுவார். கார் திரும்பி வந்ததும் பூட்டுவார்.

அது இரண்டு பேருடைய வேலை. கதவுகளுக்குப் பின்னால், உட்புறமாக, பக்கத்துக்கு ஒரு தாங்கி. போல்ட்டுகளைக் கழற்றியதும் இரு பக்கத்தையும் சேர்ந்தே தூக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சட்டம் முறுகும். கையை எடுக்கப் பிந்தினால் மூட்டுகள் விரலைக் கடிக்கும். வலப்பக்கம் வாப்பா. இடப்பக்கம் உம்மா. வேறு யாரும் இடப்பக்கத்தைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

உம்மாவின் பெயர் மஸீனா. தண்ணீரூற்றில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது அவர் சின்னப்பிள்ளை. பெரியவளானது புத்தளத்தில், கிடுகு அடைத்த ஓர் அறைக்குள். அந்த அறையில் நிமிர்ந்து நின்றால் தலை முட்டும் என்று சொல்வார். வெங்காயத் தோட்டங்களில் வேலை செய்தார். கல்யாணக் கார் ஓட்டிய என் வாப்பா யஹ்யாவை அங்கேதான் மணம் முடித்தார். நானும் அங்கேதான் பிறந்தேன்.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வளவில் காடு நின்றது. வாப்பா இந்தக் காரைச் சிலாபத்தில் ஒரு கொட்டிலில் கண்டெடுத்து, லொறியில் ஏற்றி, புளியங்குளத்தில் திரும்பி, நெடுங்கேணி வழியாகக் கொண்டுவந்தார். கழற்றிய தாங்கிகள் இரண்டும் பாதை நெடுக உம்மாவின் மடியில் இருந்தன.

கூரை இல்லாத காரில் உம்மா ஒருநாளும் ஏறியதில்லை. அது மற்றவர்களுக்கு. ஆஸ்பத்திரிக்கும் மையத்து வீட்டுக்கும் கூரை போட்ட காரில் போனோம்.

கடைசி விழா முள்ளியவளையில். வாப்பா காரைக் கொட்டிலில் விட்டார், முகம் கழுவினார், நெஞ்சு நோகிறது என்றார். நான் வவுனியாவில் வாகனப் புகைப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை செய்கிறேன். வந்து சேர்ந்தபோது வாப்பாவின் மையத்தைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

உம்மா இத்தா இருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிவருவதில்லை, அன்னிய ஆண்களின் கண்ணில் படுவதில்லை. எங்கள் வீட்டில் கதவு பூட்டும் அறை ஒன்றுதான். கொட்டில் றோட்டோரம், வேலி முள்ளுக்கம்பி. உம்மா அறைக்குள் வெள்ளை உடுத்து இருந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அவரே விரும்பினார்.

மழை தொடங்கும் காலம். கொட்டிலுக்குச் சுவர் இல்லை. வாடைக்காற்றுச் சாரல் சீற்றுவரை வரும். இந்தக் கார்களில் தரைத் தகரம் நனைந்து கறள் பிடித்தால் பிறகு உடலே நிமிராது. தறப்பாள் கட்டினேன். காற்று பிய்த்தது. ஒரு சனிக்கிழமை வவுனியாவிலிருந்து வந்து, போல்ட்டுகளுக்கு எண்ணெய் போட்டு, நிஸார் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் உம்மாவின் தம்பி.

"நான் வலப்பக்கம் நிக்கிறன் மாமா. நீங்க இடப்பக்கத்தைப் பிடியுங்கோ."

அறைக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"நிஸார், அதில கை வைக்காத."

"ஏன் லாத்தா?"

"அது நான் பிடிக்கிறது."

"மழை வருது லாத்தா. இத்தா முடியுமட்டும் கார் நிக்குமோ?"

"நான் வெளிய வரயில்ல. நீயும் தொடாத. அவ்வளவுதான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரைப் பார்த்தேன். மாமா பிடித்தால் அரை மணித்தியால வேலை. கிழக்கே வானம் இருண்டிருந்தது. உம்மாவை வெளியே எடுக்க முடியாது. சட்டத்தை அறைக்குள் எடுத்துப் பயனில்லை. காருக்குத்தான் சில்லு இருந்தது.

"காரை ஜன்னலடிக்குக் கொண்டுபோவம்," என்றேன்.

பற்றரி இறங்கிக் கிடந்தது. தள்ள ஆள் போதாது. முன்காணி யோகலிங்கத்தைக் கூப்பிட்டோம். வயலிலிருந்து வந்தவர், கால் நிறையச் சேறு. மூன்று பேரும் மூச்சுப் பிடித்துத் தள்ளி, அறைச் சுவரோரம் காரை நிறுத்தினோம். உம்மா திரையை விலக்காமல் கேட்டார்.

"எந்தப் பக்கம் இஞ்சால நிக்குது?"

பார்த்தேன். ஸ்டியரிங் ஜன்னலோரம் இருந்தது.

"வலப்பக்கம், உம்மா."

யோகலிங்கம் சேற்றில் குந்தியிருந்து சிரித்தார். "வாகனம் சோதிக்கிற பிள்ளைக்கு இடம் வலம் தெரியாதோ? நிஸார் நானா, இவ பாஸ் பண்ணின வாகனத்தில நான் ஏறமாட்டன்."

"கதைக்காமத் தள்ளுங்கோ அண்ணை," என்றார் மாமா.

வெளியே எடுத்து, கிணற்றைச் சுற்றித் திருப்பி, பின்பக்கமாகத் தள்ளி வந்தோம். சில்லு இரண்டு இடத்தில் புதைந்தது. கடைசியில் இடப்பக்கம் ஜன்னலை ஒட்டி நின்றது. கதவு திறக்க இடமில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினேன்.

சட்டத்தைத் தூக்கி வைக்க, முன்பக்கத்தை ஒருவர் தாங்க வேண்டியிருந்தது. மாமா பின்பக்கம் போனார். யோகலிங்கம் முன்னால் நின்றார்.

"அண்ணை, குறை நினைக்காதீங்கோ. கொஞ்சம் அங்கால பாருங்கோ," என்றார் மாமா.

"நான் றோட்டைத்தான் பார்க்கிறன். றோட்டில ஒரு மாடு. அதுக்கும் சொல்லவோ?"

உள்ளே உம்மா சிரித்தது கேட்டது. வாப்பாவுக்குப் பிறகு முதல் தடவை. உடனே நின்றுவிட்டது.

ஜன்னல் கம்பிகளுக்கிடையில் உம்மாவின் கை வந்தது. மணிக்கட்டு வரை வெள்ளைத் துணி. முழங்கைக்கு மேல் கம்பி விடவில்லை. கதவின் கண்ணாடி இருந்த வெளியால் உள்ளே வந்து, பின்னால் திரும்பி, தேடாமல் தாங்கியைப் பிடித்தது. உள்ளங்கையால் காரின் உட்பக்கத் தகரத்தோடு அழுத்தியது. நான் பின்சீற்றில் முழங்காலில் நின்று முதல் போல்ட்டைக் கையால் ஏற்றினேன். வலப்பக்கத்தையும் நானே பூட்டினேன். மாமா துணியின் பின் ஓரத்தை இழுத்துப் பிடித்தார். திருகாணிகள் ஏறின. முன்பக்கக் கொக்கிகள் இரண்டையும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி இறுக்கினேன்.

காருக்குள் இருட்டிவிட்டது. வாப்பாவின் எண்ணெய் மணம் மேலிருந்து இறங்கியது.

"முடிஞ்சுது உம்மா. விடுங்கோ."

"தெரியும்."

கை அசையவில்லை. கம்பி முழங்கைத் துணியில் ஆழப் பதிந்திருந்தது. மழை விழத் தொடங்கியது. மாமாவும் யோகலிங்கமும் குசினிப் பக்கம் ஓடினார்கள். நான் பின்சீற்றில் இருந்தேன். கூரைத் துணியில் மழைச் சத்தம் பலமாகக் கேட்டது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

பிறகு உம்மா கையை இழுத்துக்கொண்டார். நான் கண்ணாடியை ஏற்றினேன்.

அந்த மழை மூன்று நாள் விடவில்லை. சில்லுகள் பாதிவரை புதைந்துவிட்டன. கார் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அறைக்கு இருந்த ஒரே வெளிச்சமும் காற்றும் அந்த ஜன்னல்தான். பகலிலும் உம்மா லைற் போட்டு ஓதினார். செய்தது நான். கூரையைப் பற்றித்தான் யோசித்தேன். ஜன்னலைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது, மாமா யோகலிங்கத்தின் ட்ராக்டரைக் கேட்டு வைத்திருந்தார். நான் காருக்கு முன்னால் சேற்றில் குனிந்து சங்கிலியைக் கட்டினேன்.

"ஷிபா," என்றார் உம்மா உள்ளிருந்து. "சங்கிலியைக் கழட்டு."

"உள்ள மூச்சு முட்டுமே உம்மா."

"இத்தா முடிய எடுப்பம். நிக்கட்டும்."

"வெளிய ஒண்டும் தெரியாதே."

"வெளியில என்ன இருக்கு எனக்கு? அந்தக் கண்ணாடியை இறக்கி விடு."

வலப்பக்கக் கதவால் ஏறி, சீற்றுக்குக் குறுக்கே சாய்ந்து, இடப்பக்கக் கண்ணாடியை இறக்கினேன். திரை விலகியது. கம்பிக்கு அந்தப் பக்கம் உம்மாவின் முகம். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஓட்டுநர் சீற்றைப் பார்த்தார். அதன் தோலில் வாப்பா இருந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"நீ இறங்கு," என்றார். "மறைக்கிறாய்."

இறங்கினேன். சங்கிலியைக் கழற்றினேன்.