பாறைக்குக் கீழே ஒரு படம்

அரபு நாட்டில், ராஸ் அல் கைமா குவாரியில் சுண்ணாம்புக்கல் உடைப்பது எங்கள் வேலை. என் ரூமில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பன், லீவில் லண்டனிலுள்ள அக்காவிடம் போய், அந்த நாட்டுக் கடலோரத்தின் பேர்பெற்ற, செங்குத்தான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்கத் திட்டம் போட்டான். அக்கா அனுப்பிய படத்தைக் காட்டினான். உடனே நாங்களும் திட்டம் போட்டோம். “மேல இருக்கிற புல்மண்ண மொதல்ல வழிச்சிரணும்,” என்றேன் நான். வெடிக்குழி எங்கே, டம்பர் லாரி எந்தப் பக்கம் இறங்கும் என்று மற்றவர்கள் ஆரம்பித்தார்கள்.

“நான் பாக்கப் போறன், உடைக்க இல்லை,” என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டான். எனக்கும் கோபம் வந்தது. பாறையை வேறெப்படிப் பார்ப்பதாம்?

லண்டனிலிருந்து போன் செய்தான். “பாறைக்குக் கீழை நிண்டு படம் எடுப்பம் எண்டு அக்கா கூப்பிட்டா. நான் மாட்டன் எண்டிட்டன். ஹெல்மெட் இல்லாமல் எப்பிடியடா நிக்கிறது?”