பின்படியில் இருபத்தாறு வருஷம்

இங்கிலாந்தில் தார்ன்ஸ்பி பஸ் டிப்போவில் மேவிஸ் காடர்டுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். அது பொய். அவளுக்குத் தினமும் கோபம் வரும். ஒரு ஷில்லிங் டிக்கெட்டுக்கு ஐந்து பவுண்டு நோட்டை நீட்டுகிறவர்கள் மேல் வரும், பஸ்ஸின் மாடிப்படியில் வழியை மறித்துக்கொண்டு கதை பேசுகிறவர்கள் மேல் வரும். ஆனால் அடுத்த ஸ்டாப்புக்குள் ஆறிவிடும். அப்படி ஆறாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது 1969 மே மாதம் வந்தது.

அவள் வேலை பார்த்த வோல்ட்ஸ் மோட்டார் சர்வீஸ், முதல் உலகச் சண்டை முடிந்த கையோடு தொடங்கிய கம்பெனி. ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்றை ஸ்கெல்டன் சகோதரர்கள் வாங்கினார்கள். மூடிக்கிடந்த ஒரு சின்னத் தேவாலயத்தின் பெஞ்சுகளை அதில் அடித்துப் பொருத்தி, சந்தை நாளில் கிராமத்து ஆட்களையும் கோழிக்கூடைகளையும் ஏற்றினார்கள். இருபது வருஷத்துக்குள், ஒற்றை பஸ்ஸை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த ஏழு பேரிடமிருந்து வண்டிகளை வாங்கி, எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை பெயின்ட் அடித்தார்கள். இரண்டாவது சண்டையில் ஆண்கள் போனதும் பெண்களைக் கண்டக்டராகச் சேர்த்தார்கள். மேவிஸ் 1943இல் அப்படித்தான் உள்ளே வந்தாள். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. மறுவருஷம் அவள் கணவன் ரெஜ் இத்தாலியில் சண்டையில் செத்துப்போனான்.

சண்டை முடிந்ததும் முப்பத்தொரு பெண்களில் இருபத்தேழு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவனைப் பறிகொடுத்த நால்வரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மேவிஸ் அதைத் தருமமாக நினைக்கவில்லை. அந்த ஊரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது பஸ்ஸில் மட்டும்தான். பட்டாணி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் பெண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்குதான். அந்த மீதி ஒரு பங்கில்தான் அவள் தனியாக வாடகை கொடுத்து, யாரிடமும் போய் நிற்காமல் வாழ்ந்தாள். கண்டக்டர் வேலை போனால் அவளுக்குப் பட்டாணிதான். அவளுக்கு அது தெரியும், டிப்போவில் எல்லோருக்கும் தெரியும்.

1955இலிருந்து அவளுக்கு டிரைவர் வில்ஃப் ஆன்சல். தார்ன்ஸ்பியிலிருந்து கடற்கரை கிரெய்ன்ஹோம் வரை போகும் நாற்பத்தொன்றாம் ரூட். முன்பக்கத்தில் டிரைவருக்குத் தனிக் கூண்டு, பின்பக்கத்தில் கண்டக்டருக்குத் திறந்த படி. நடுவில் இரண்டு தளத்திலும் சேர்த்து ஐம்பத்தாறு பேர். ஓடும்போது இருவருக்கும் பேச்சே கிடையாது. அவள் மணி அடிப்பாள், அவன் எடுப்பான், நிறுத்துவான். கிழவி யாராவது ஏறி இன்னும் உட்காரவில்லை என்றால் அவள் மணியை அரை நிமிஷம் தாமதிப்பாள், அவனும் கிளட்ச்சை மெதுவாக விடுவான். சொல்லி வைத்துச் செய்ததல்ல. மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

"ஏன் வில்ஃப், உன் பெண்டாட்டிகூட இப்படி ஒத்துப்போறாளா?"

"ஐரீன் மணி அடிக்க மாட்டா. தட்டை எடுத்து அடிப்பா" என்பான் வில்ஃப்.

கிரெய்ன்ஹோமில் கடல் சுவருக்குப் பக்கத்தில் வண்டி பதினொரு நிமிஷம் நிற்கும். அவள் திராட்சை ரொட்டி கொண்டுவருவாள், அவன் ஃபிளாஸ்கில் டீ. கீழ்த்தளத்தில் நீள சீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 1968 அக்டோபரில் ஒருநாள் வில்ஃப் சொன்னான், "என்னை ஏதாவது கேளேன். இந்த ஸ்டேஜ்லருந்து அந்த ஸ்டேஜுக்கு எவ்வளவுன்னு. சரியா சொல்றேனா பாப்போம்."

"உனக்கெதுக்கு அந்த வம்பு? நீ பாட்டுக்கு ஸ்டீரிங்கைப் பிடி."

"கூண்டுக்குள்ள தனியா போரடிக்குது மேவிஸ். சும்மா விளையாட்டுக்கு."

அவள் கேட்டாள். அவன் ஏழு கேள்வியில் ஆறு தப்பாகச் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த ரூட்டில் முப்பத்தேழு ஸ்டேஜ். எங்கிருந்து எங்கே போனாலும் ஒரு விலை, பிள்ளைகளுக்கு ஒரு விலை, போய் வர ஒரு விலை. நாய்க்குத் தனி. மடக்காத தள்ளுவண்டிக்குத் தனி. மேவிஸ் கட்டண அட்டையைப் பார்த்து வருஷங்களாகிவிட்டன. எல்லாம் மனதில் இருந்தது. மனப்பாடம் செய்யாமல் நினைவில் நிறுத்த அவள் தானாகக் கண்டுபிடித்த வழி ஒன்று இருந்தது. ஆறு பெரிய நிறுத்தங்களின் விலையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து முன்னும் பின்னும் கூட்டிக் கழிப்பாள். யாருக்கும் சொல்லாத அந்த வழியை அவனுக்குச் சொன்னாள். வயசைக் குறைத்துச் சொல்லும் பையன்களை எப்படிக் கண்டுபிடிப்பது, காலாவதியான வாராந்திரச் சீட்டை விரலால் மறைத்துக் காட்டுகிறவர்கள் யார் யார் என்பதையும் சொன்னாள். வில்ஃப் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டான். அவளுக்கு அது வேடிக்கையாகவும், உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது. அவள் வேலையில் மூளை இருக்கிறது என்று அதுவரை யாரும் நினைத்ததாக அவளுக்குத் தெரியாது. ஈஸ்டர் வந்தபோது அவன் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஒரே ஆள் வண்டி வரப்போகிறது என்ற பேச்சு வலுத்தது. ஸ்கெல்டன்கள் கம்பெனியை எப்போதோ விற்றுவிட்டார்கள். இப்போது முடிவெடுத்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். எஞ்சின் பின்னால், கதவு முன்னால், டிரைவரே டிக்கெட் கொடுப்பார். மற்ற டிப்போக்களில் வந்துவிட்டது. மார்ச் மாதம் கூட்டுறவுக் கடை மாடியில் சங்கக் கூட்டம் நடந்தது. டிரைவர்கள் சம்மதிக்காமல் ஒரே ஆள் வண்டி தார்ன்ஸ்பியில் ஓடாது என்று செயலாளர் லென் சோவர்பி மேஜையைத் தட்டிப் பேசினார். ஒரு டிரைவரும் அதற்குப் பெயர் கொடுப்பதில்லை என்று தீர்மானம். எல்லாக் கையும் உயர்ந்தது. மேவிஸுக்குப் பக்கத்தில் வில்ஃபின் கையும். அன்று இறங்கி வரும்போது அவன்தான் சொன்னான், "நம்ம டிப்போல அது நடக்காது, பாரேன்." அவள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கேன்டீனில் இன்ஸ்பெக்டர் டிப்பிங் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. சில்லறை குறைந்தால் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்வாரே தவிர உடனே புகார் எழுதிவிட மாட்டார்.

"மிஸஸ் காடர்ட், உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"எதுக்கு மிஸ்டர் டிப்பிங்?"

"வில்ஃபை அப்படித் தயார் பண்ணியிருக்கீங்களே. நேத்து பரீட்சையில முப்பத்தேழு ஸ்டேஜும் கேட்டோம். ஒரு தப்பில்ல."

"என்ன பரீட்சை?"

டிப்பிங் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அவளுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை. "ஒரே ஆள் வண்டிக்குத்தான். எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுன்னு அவரே சொன்னார். அதான் கேக்க வந்தேன். இன்னும் பதினொரு பேர் இருக்காங்க. நீங்க கொஞ்சம் உக்காந்து சொல்லிக் கொடுத்தீங்கன்னா, ஆள் குறைக்கிற லிஸ்ட்ல உங்க பேரைக் கடைசியில வைக்கச் சொல்லி மேல எழுதுறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓட்டிரலாம்."

"பதினொரு பேரா?"

"பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க."

"லென் சோவர்பிக்குத் தெரியுமா?"

டிப்பிங் ஜன்னல் பக்கம் பார்த்தார். "முதல் பேரே அவருதுதாம்மா."

மேவிஸ் பொரித்த முட்டைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வில்ஃப்தான் நல்லாப் படிச்சிட்டாரே. மத்தவங்களுக்கு அவரையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க."

அன்று மதியம் கிரெய்ன்ஹோமில் வில்ஃப் ஃபிளாஸ்கைத் திறக்கும்போது அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"ஒரு தப்புகூட இல்லையாமே."

மூடி அவன் கையில் பாதி திருகியபடி நின்றது. "டிப்பிங் சொன்னாரா."

"நீ சொல்லியிருக்கணும்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? நான் யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்த பிறகா?"

"இது எப்படியும் வரத்தான் போகுது மேவிஸ். நான் பேர் கொடுக்கலன்னா இன்னொருத்தன் கொடுப்பான்."

"இன்னொருத்தன் கொடுத்திருந்தா அவனைத் திட்டிட்டு, உன்கூட உக்காந்து டீ குடிச்சிருப்பேன்."

அவன் மூடியைத் திரும்ப இறுக்கினான்.

"கூட்டத்துல கையைத் தூக்கினியே. அப்பவே கொடுத்தாச்சா?"

"ஜனவரியில."

"கூட்டம் மார்ச்ல."

"எல்லாரும்தான் தூக்கினாங்க."

"நான் நிஜமாத் தூக்கினேன்."

வில்ஃப் தன் ஷூவைப் பார்த்தான். பதினெட்டு வருஷமாக ஐரீனின் அண்ணன் வீட்டு மாடியில் இருப்பதைச் சொன்னான். ஒரே ஆள் வண்டிக்குக் கூடுதல் சம்பளம் வந்தால் சொந்தமாக ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்றான். பொய் இல்லை. அந்த மாடி அறையில் மழை ஒழுகுவது மேவிஸுக்கும் தெரியும்.

"கேட்டிருந்தா சொல்லிக் கொடுத்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. நீ கேக்கவே இல்லையே வில்ஃப். விளையாட்டுன்னு சொன்ன."

அவள் பின்படிக்குப் போனாள். நேரமாகியும் மணி அடிக்கவில்லை. மணி இல்லாமல் அவன் வண்டியை எடுக்க முடியாது. பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நிமிஷம் கழித்து அடித்தாள். பதினான்கு வருஷத்தில் அவர்கள் வண்டி கிரெய்ன்ஹோமிலிருந்து தாமதமாகக் கிளம்பியது அன்றுதான். வில்ஃப் அதைத் தன் நேரக் குறிப்புத் தாளில் எழுதவில்லை.

வேறு டிரைவரோடு மாற்றிக் கேட்கலாம் என்று நினைத்தாள். யாரோடு? பன்னிரண்டில் மீதிப் பேர்கள் யார் என்று டிப்பிங் சொல்லவில்லை. கேன்டீனில் தனக்குக் காலை வணக்கம் சொல்கிற ஒவ்வொரு முகத்தையும் அவள் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தாள். வில்ஃப் செய்ததைவிட இது அவளை அதிகம் வருத்தியது. ஆகவே பதினான்கு வாரம் வில்ஃபோடுதான் ஓடினாள். மணியைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. டெர்மினஸில் மாடிக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒருநாள் அவன் டீயை எடுத்துக்கொண்டு படியேறி வந்தான். அவள் திரும்பவில்லை. இரண்டு சீட் தள்ளி வைத்துவிட்டுப் போனான். அது அங்கேயே ஆறியது.

ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் மெஷினையும் தோல்பையையும் ஒப்படைத்தாள். லண்டனிலிருந்து வந்த நன்றிக் கடிதத்தில் கையெழுத்து ரப்பர் ஸ்டாம்பு. அடுத்த திங்கள் பட்டாணித் தொழிற்சாலையில் சேர்ந்தாள்.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே, நாற்பத்தொன்றாம் ரூட்டில் ஐந்தாவது ஸ்டேஜ். முதல் மாதம் நடந்தே போனாள். அக்டோபர் மழையில் அது முடியவில்லை. முன்கதவு வழியாக அவள் ஏறியபோது ஓட்டுகிற சீட்டில் வில்ஃப். பின்னால் எட்டுப் பேர் நனைந்துகொண்டு வரிசையில்.

"போய் உக்காரு மேவிஸ்" என்றான் மெதுவாக. அவள் நீட்டிய காசைப் பார்க்கவில்லை. "உங்கிட்ட வாங்க மாட்டேன்."

"டிக்கெட் கொடு."

"தயவுசெஞ்சு உள்ள போ."

"வாங்கிக்கிட்டா உனக்கு உறுத்தும், அதானே. உறுத்தட்டும். டிக்கெட் கொடு வில்ஃப், பின்னால ஆளுங்க நனையறாங்க."

அவன் கொடுத்தான். சரியான டிக்கெட்.

பழைய வண்டி ஓடும்போது அவனால் அவளைப் பார்க்க முடிந்ததே இல்லை. இந்த வண்டியில் அவன் தலைக்கு மேல் அகலமான கண்ணாடி ஒன்று இருந்தது. கீழ்த்தளம் முழுவதும் அதில் தெரிந்தது. மேவிஸ் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கண்ணாடியில் வில்ஃபின் கண்கள் தெரிந்த இடத்தில் நின்றாள். அந்த சீட்டில் உட்கார்ந்து, ஈரமான குடையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகக் கண்ணாடியைப் பார்த்தாள். இறங்கும்வரை பார்வையை எடுக்கவில்லை. மறுநாளும் அதே சீட். அதற்கு மறுநாளும்.

பிப்ரவரியில் வில்ஃப் வேறு ரூட்டுக்கு எழுதிக் கொடுத்தான். அவனுக்குப் பதிலாக வந்தவர் லென் சோவர்பி. மேவிஸ் காசை எண்ணிக் கொடுத்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு போய் அதே சீட்டில் உட்கார்ந்தாள்.