மூன்றாம் பாகம் இருந்த இடம்

அம்மாவுக்கு மறுநாள் காலை இதய அறுவை சிகிச்சை. மட்டாஞ்சேரி நூலகத்தில் நான் எடுத்துக் கொடுத்த தொடர் நாவலின் இரண்டு பாகங்களை மருத்துவமனைக் கட்டிலிலேயே முடித்திருந்தாள். "முடிவு தெரியாம நான் உள்ள போகமாட்டேன்டீ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் ஓடிப் போனபோது மதிய இடைவேளைக்கு நூலகத்தைப் பூட்டவிருந்தார்கள். முதல் பாகம் இருந்த அலமாரியிலும் இரண்டாவது இருந்த அலமாரியிலும் மூன்றாவதைக் காணோம்.

"ஓரோ பாகத்துக்கும் வேற பேராக்கும் சேச்சி. பேர் வரிசையில அடுக்கறதால மூணும் மூணு இடத்துல இருக்கும்" என்றார் நூலகர்.

கணினியில் பார்த்தார். புத்தகம் வெளியே போகவில்லை. அது இருக்க வேண்டிய தட்டுக்குப் போனோம். அங்கே இடைவெளிதான் இருந்தது. இடம் மாறியிருக்குமோ என்று இருவரும் தட்டுத் தட்டாகத் தேடினோம்.

"அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன், சேட்டா. அதுக்கு முன்ன இந்தக் கதையோட முடிவு தெரியணுமாம்" என்றேன்.

வாசிப்பு மேசையிலிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்தார். அவர் கையில்தான் அந்தப் புத்தகம் இருந்தது. முடிய இன்னும் சில பக்கங்களே பாக்கி. சற்று நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு மூடி என்னிடம் நீட்டினார்.

"நீங்க இன்னும் முடிக்கலையே" என்றேன்.

"எனக்கு அடுத்த வாரம் கிடைச்சாலும் போதும். அம்மைக்குக் கொண்டு போங்கோ."

அன்று இருட்டும்வரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியைக் கேட்டதும், "சரி, இனிப் போலாம்" என்றாள். நல்லபடியாகத் திரும்பியும் வந்தாள்.

கதையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்போது யாராவது கேட்டால் மூடிக் கொடுப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.