கணப்போர நாற்காலி

கோர்பினியானுக்கு ஊர் விடுதியில் ஓர் இடம் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மூலை மேஜையில், கணப்பின் சூடு முதுகில் படும் நாற்காலி. மலையேற்றும் தொங்கு இருக்கைகளில் ஜனங்களை ஏற்றிவிட்டு, பாதுகாப்புக் கம்பியை இறக்கச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். மனைவி ஒரு சீஸ் வியாபாரியோடு போய்விட்டாள். மிஞ்சியது இந்த நாற்காலிதான்.

பக்கத்து நாற்காலியில் எவரும் உட்காரக் கூடாது. அதன் முதுகில் ஒரு பித்தளைத் தகடு: கிரெஷென்ஸ் ஹாஸ்லிங்கர். ஊராருக்கு அவள் சென்ஸி. ஒரு காலத்தில் பனிச்சறுக்கில் தங்கம் வாங்கியவள். முட்டி போய் ஓய்ந்த பிறகுதான் அவள் புகழ் வளர்ந்தது. ஜெயித்துக்கொண்டிருந்தபோது திமிர் பிடித்தவள் என்றது ஊர். இப்போது தயிர் டப்பாவில் சிரிக்கிறாள், டிவி வினாடி வினாவில் தப்பாகப் பதில் சொல்கிறாள், ஊர் கைதட்டுகிறது. மியூனிக்குக்குக் குடிபோய்விட்டதைக்கூட அவளுடைய எளிமையில் சேர்த்துவிட்டார்கள்.

தகட்டைத் தினமும் துடைப்பவள் விடுதிக்காரி ஆஃப்ரா.

"கல்லறையக்கூட இப்படித் துடைக்க மாட்டாங்க," என்பார் கோர்பினியான்.

"உனக்கு வயித்தெரிச்சல்."

"ரெண்டு நிமிஷம் கீழ சறுக்கினவளுக்கு நாற்காலி. காலமெல்லாம் ஜனத்த மேல ஏத்தினவனுக்கு?"

"நீ வெறும் பட்டனைத்தானய்யா அமுக்கின," என்பார் எதிரே உட்காரும் கசாப்புக்காரர் க்விரின்.

வெளியூரார் அந்தக் காலி நாற்காலியைப் படம் பிடிக்கும்போது கோர்பினியான் ஒருநாளும் நகர்ந்து கொடுத்ததில்லை. எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் அவருடைய இடது காது இருக்கிறது.

நவம்பரில் சென்ஸி வந்தாள், முட்டிவலித் தைலத்துக்கு விளம்பரம் எடுக்க. ஆஃப்ரா தகடு பளபளக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சென்ஸி அதைப் பார்க்கவேயில்லை. நேரே கணப்போரம் வந்தாள்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? எனக்கு முட்டி வலி. இங்கதான் சூடா இருக்கு."

எழுந்தார். மறுக்கலாம் என்பது எழுந்த பிறகுதான் தோன்றியது.

"ரொம்ப நன்றி. எந்த ஊர்லேர்ந்து வந்திருக்கீங்க?"

அவள் படித்த ஊர்ப் பள்ளியிலேயே அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர் அவர்.

"பக்கத்துலதான்," என்றார்.

அவள் பாதி சூப் குடித்துவிட்டுப் போனாள். கார் மறைவதற்குள் ஆஃப்ரா திருகாணிகளைக் கழற்றிவிட்டாள். தகடு கணப்போர நாற்காலிக்கு மாறியது.

"அது என் இடம்."

"இருந்துச்சு. நீ பழசுல உக்காரு. நேத்து வரைக்கும் ஒருத்தரையும் தொட விடாத நாற்காலி அது."

"அங்க கழிப்பறைக் காத்து அடிக்குது."

"அவளுக்கு இத்தன வருஷமா அதத்தான் ஒதுக்கி வெச்சிருந்தோம்," என்றார் க்விரின்.

ஒரு வாரம் கோர்பினியான் விடுதிப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார். பழைய நாற்காலியில் உட்காரவில்லை, பீர்க்கோப்பையோடு நின்றார். சுற்றுலா வந்த தம்பதி ஒன்று சென்ஸியின் நாற்காலி எது என்று கேட்டது.

"இதான். இது என்னோடது," என்றார். "எத்தனையோ கெடக்க, நேரா என்கிட்ட வந்து கேட்டு வாங்கிக்கிட்டா. பள்ளிக்கூடத்துப் பழக்கம். பாத்ததும் கண்டுபிடிச்சுட்டா."

க்விரின் இருமினார். ஆஃப்ரா தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து கணப்பில் சாய்ந்து நின்றபடியேதான் குடிக்கிறார். படம் எடுப்பவர்கள் நகரச் சொன்னால் உடனே நகர்ந்துகொள்கிறார்.